பழைய ஃபைபர் படகுக்கு நாமே பெயின்ட் அடிப்பது: மும்பைக்காரர்களுக்கான கேள்வி பதில்

வர்சோவா, மார்வே, மனோரி, டிராம்பே என்று மும்பையின் ஓரங்களில் சின்னப் படகு வைத்திருக்கும் தமிழர்கள் கொஞ்சம் பேர் உண்டு. சிலர் தூண்டில் போடப் போகிறார்கள், சிலர் பாய்மரம் பழகுகிறார்கள், சிலருக்கு அப்பா விட்டுப்போன படகு. 14 முதல் 20 அடி வரையுள்ள பழைய ஃபைபர் படகை மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வேலையில் பெயின்ட் அடிப்பது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் கழுவுவது, காயவைப்பது, தேய்ப்பது மூன்றும் சரியாக இருந்தால் மலிவான பெயின்ட்கூட நிற்கும். சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த பெயின்ட்டும் ஒரே மழைக்காலத்தில் உரியும்.

படகு வெளுத்துப்போய், தொட்டால் கையில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது. பெயின்ட் அடித்தே ஆகணுமா?

அவசியமில்லை. ஃபைபர் படகின் மேல்தோல் ஜெல்கோட் எனப்படும் நிறமூட்டிய ரெசின், அதாவது இறுகிக் கெட்டியாகும் பிசின். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அதன் மேற்பரப்பு சிதைவதால்தான் அந்தத் தூள் வருகிறது. தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நனைந்த இடத்தில் பழைய நிறம் திரும்பி வந்தால், அடியில் ஜெல்கோட் இன்னும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சதுர அடியில் மட்டும் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேயுங்கள். பளபளப்பு வந்தால் படகு முழுக்க அதையே செய்து மெழுகு பாலிஷ் போட்டால் போதும்.

ஒருமுறை பெயின்ட் அடித்துவிட்டால் அப்புறம் சில வருடங்களுக்கு ஒருமுறை அடித்துக்கொண்டேதான் இருக்கணும். அதனால் பாலிஷ் காப்பாற்றும் என்றால் பாலிஷோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. தேய்க்கும்போது ஃபைபர் நூலின் வரி தெரிய ஆரம்பித்தாலோ, மேலெல்லாம் வலைவலையாக மயிரிழை விரிசல் இருந்தாலோ, பெயின்ட்தான் வழி.

எந்த மாதத்தில் செய்யலாம்?

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது மும்பையின் பூர்வீக மீனவச் சமூகமான கோலிகள் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். ஆகஸ்ட் வாக்கில் வரும் நாரளி பௌர்ணமிக்குக் கடலுக்குத் தேங்காய் விட்டுத் தொழிலைத் தொடங்கும்போது படகுகள் புது வர்ணத்தில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு நாமும் ஜூனில் படகை ஏற்றிவிடலாம் என்று பலருக்குத் தோன்றும். வேண்டாம். அவர்களுக்கு வேறு நேரம் கிடையாது, அதனால் மழை விட்ட இடைவெளியில் சாதாரண இனாமலை வைத்துச் சமாளிக்கிறார்கள். நமக்கு அந்த நெருக்கடி இல்லை.

ரெசின் வேலையும், ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் இரண்டு பாக பெயின்ட்டும் செய்ய நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் நல்ல நேரம். அக்டோபரில் மழை நின்றுவிடும், உண்மைதான். ஆனால் அந்த வெயிலில் படகின் மேல் கை வைக்க முடியாது. பிரஷ் இழுக்கும் முன்பே பெயின்ட் இறுகிக் கோடு விழும்.

குளிர்காலத்தில் கவனிக்க வேண்டியது பனி. காலை 7 மணிக்குப் படகைத் தடவிப் பாருங்கள், ஈரமாக இருக்கும். அந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாத நேரத்திலும் இருக்கும். இதற்கு ஒரு எளிய சோதனை: ஈரத் துணியால் ஓரிடத்தில் லேசாகத் துடையுங்கள். கால்மணி நேரத்துக்குள் அந்த ஈரத்தடம் மறைந்தால் பெயின்ட் அடிக்கலாம். மறையாமல் நின்றால் காற்று தண்ணீரை இனிமேல் வாங்கிக்கொள்ளாது, அன்றைக்கு உப்புத்தாள் வேலையைப் பாருங்கள். பொதுவாக 9 மணிக்குமேல் தொடங்கி நண்பகலுக்குள் முடிப்பது நல்லது. பிற்பகலில் கடல்காற்று எழும்பினால் தூசியும் உப்பும் ஈர பெயின்ட்டில் வந்து உட்காரும். சாயங்காலம் அடித்தால் இரவுப் பனி பட்டு, காலையில் பளபளப்பு செத்து மங்கலாகத் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். உப்பு மேலே இருந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் சொசைட்டி பார்க்கிங்கில் வைத்துச் செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஃபைபர் தூள் காற்றில் பரவும், குழந்தைகள் மூச்சில் போகும், உடம்பில் பட்டால் அரிக்கும். தின்னர் ஆவி தீப்பிடிக்கக் கூடியது. கோலி மீனவர்களின் குடியிருப்புகளான கோலிவாடாக்களில் படகு ஏற்றி வைக்கும் திடல்கள் உண்டு. அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் "காகா, ஒரு மாசம் இடம் வேணும்" என்று மரியாதையாகக் கேட்டு, வாடகை பேசிக்கொள்ளுங்கள். இடம் மட்டுமல்ல, படகைக் கவிழ்க்க ஆள் கிடைக்கும், அவர்கள் கண் நம் வேலைமேல் இருக்கும். அந்தக் கண்ணுக்கு விலையே இல்லை.

மேலே தார்ப்பாய் கட்டினால் படகைத் தொடாமல் கட்டுங்கள். தொட்டால் அடியில் வியர்த்து ஈரம் தேங்கும்.

அடியில் ஓட்டை, ஊறல் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தட்டித்தான். ஐந்து ரூபாய் நாணயமோ ஸ்பேனரின் பின்பக்கமோ போதும். அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் "டிக் டிக்" என்று கூர்மையாகக் கேட்கும். ஃபைபர் அடுக்குகள் பிரிந்த இடத்தில், அல்லது தளத்துக்குள் வைத்த மரம் ஊறிப்போன இடத்தில், சத்தம் "தொப்" என்று அமுங்கும். சாக்பீஸால் அந்த எல்லையை வரைந்துகொள்ளுங்கள். எஞ்சின் மாட்டும் அமரப் பலகையையும் விடாதீர்கள். பெரும்பாலான பழைய படகில் அதற்குள் பிளைவுட் இருக்கும், திருகாணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். அங்கே "தொப்" என்று கேட்டால் பெயின்ட் கதையை நிறுத்திவிட்டு அதை முதலில் சரிசெய்யணும். எஞ்சினின் பாரம் முழுக்க அந்தப் பலகையில்தான்.

அடுத்தது கொப்புளம். தண்ணீரில் பல மாதம் கிடந்த படகின் அடிப்பாகத்தில் பட்டாணி அளவிலிருந்து ரூபாய் அளவு வரை வீங்கியிருக்கும். ஜெல்கோட் வழியாக நுழைந்த தண்ணீர், ரெசினில் மிஞ்சிய பொருட்களோடு சேர்ந்து உள்ளே அழுத்தம் கூடுவதால் வருவது இது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள். பிசுபிசுப்பான நீர் வரும், வினிகர் மாதிரிப் புளித்த வாடை அடிக்கும். நாலைந்துதான் இருக்கிறது என்றால் ஒவ்வொன்றையும் நல்ல பகுதி வரும்வரை கிண்ணமாகத் தேய்த்துத் திறந்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, வாரக்கணக்கில் காயவிடணும். கழுவாமல் வெறுமனே காயவிட்டால் அந்தப் பிசுபிசுப்பு ஆவியாகாமல் உள்ளேயே தங்கும், கொப்புளம் திரும்ப வரும்.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள, ஒரு முழம் சதுரக் கண்ணாடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, வெயிலில் ஒருநாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

முதலில் தேய்க்கணுமா, கழுவணுமா?

கழுவணும். இந்த வரிசை மாறக்கூடாது. படகின் மேல் பழைய பாலிஷ், மெழுகு, எண்ணெய், டீசல் எல்லாம் இருக்கும். அதோடு தேய்த்தால் உப்புத்தாள் போட்ட கீறலுக்குள்ளேயே மெழுகை அழுத்திவிடும், அப்புறம் எடுக்கவே முடியாது. சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், அதன்பிறகு மெழுகு எடுக்கும் திரவம். இரண்டு துணி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றால் நனைத்துத் துடைக்கணும், அது காய்வதற்குள் இன்னொன்றால் வழித்து எடுக்கணும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே துணியால் படகு முழுக்கத் துடைத்தால் மெழுகு இடம் மாறுமே தவிர வெளியே போகாது.

முடித்ததும் ஒரு குவளைத் தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே தாளாகப் படர்ந்து இறங்கினால் சுத்தம். வாழை இலையில் தெளித்த மாதிரி உருண்டு உருண்டு நின்றால் இன்னும் மெழுகு இருக்கிறது, திரும்பத் துடையுங்கள். சிலிக்கான் கலந்த கார் பாலிஷோ சீலன்டோ ஒட்டியிருந்த இடத்தில் கூடுதல் கவனம் வேணும். அங்கே பெயின்ட் வட்டவட்டமாக விலகி மீன்கண் மாதிரிக் குழி விழும்.

எந்த நம்பர் உப்புத்தாள்?

விரிசலை அடைத்த பட்டியை (putty) மட்டம் தட்ட 80. பிரைமர் என்ற அடிப்பூச்சுக்கு முன்னால் 120 முதல் 180. பிரைமருக்கு மேல், கடைசிப் பெயின்ட்டுக்கு முன்னால் 220 முதல் 320. வட்டமாகச் சுற்றும் ஆர்பிட்டல் சாண்டர் வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிரைண்டர் வேண்டாம், ஒரு நொடியில் ஜெல்கோட்டைத் தாண்டிக் குழி போட்டுவிடும். கையால் தேய்க்கும்போது விரலை நேரடியாக வைக்காமல் ஒரு கட்டையில் தாளைச் சுற்றித் தேயுங்கள்.

முகத்தில் என்95, கண்ணாடி, முழுக்கைச் சட்டை. அடிப்பாகத்தில் பழைய பாசித் தடுப்பு பெயின்ட் இருந்தால் அதை ஒருபோதும் வறட்டுத் தேய்ப்பு தேய்க்காதீர்கள், அது நஞ்சு. தண்ணீர் விட்டுத் தேய்த்து, வழியும் சேற்றைக் கீழே விரித்த தாளில் பிடித்து எடுங்கள். கழிமுகத்தில் போனால் மறுநாள் அதே இடத்தில் யாரோ நண்டு பிடிப்பார்கள்.

கார் பட்டியை வைத்து அடைக்கலாமா?

நீர்மட்டக் கோட்டுக்கு மேலே சின்னக் கீறலுக்கு என்றால் சரி. கீழே வேண்டாம். அந்தப் பாலியஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். கீழே, இரண்டு பாகம் கலந்தால் இறுகும் எப்பாக்ஸி ரெசின் பட்டிதான். விரிசலை அப்படியே மெழுகாமல், வி வடிவத்தில் கீறித் திறந்து, கழுவிக் காயவைத்து அடையுங்கள். எப்பாக்ஸி காய்ந்தபின் மேலே எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் வரலாம், நம் ஊர் ஈரக்காற்றில் அதற்கு வாய்ப்பு அதிகம். தண்ணீரும் ஸ்காட்ச் பிரைட்டும் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே உப்புத்தாளைத் தொடுங்கள். எப்பாக்ஸிக்கு மேலே ஜெல்கோட் பூச நினைக்காதீர்கள், சரியாக இறுகாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஃபைபர் கடையில் பாலியஸ்டர் ரெசின் வாங்கினால் கோபால்ட் என்ற நீல நிறத் திரவத்தையும், ஹார்டனர் என்ற தெளிந்த திரவத்தையும் தனித்தனியாகத் தருவார்கள். அவை இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பற்றி வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட் விட்டு நன்றாகக் கலக்கி, அதன்பிறகுதான் ஹார்டனர். இரண்டு பாட்டிலையும் ஒரே பையில் போட்டு ரயிலில் கொண்டுவருவதும் வேண்டாம்.

எந்த பெயின்ட் வாங்குவது?

மூன்று வகை உண்டு. கதவு ஜன்னலுக்கு அடிக்கும் ஒரு பாக இனாமல் முதலாவது. மலிவு, அடிப்பது எளிது, சின்னத் தப்பைப் பொறுத்துக்கொள்ளும், கீறல் விழுந்தால் அங்கே மட்டும் தொட்டுவிடலாம். வலை இழுக்கும் படகுக்கும் மணலில் இழுபடும் படகுக்கும் இது ஒன்றும் குறைந்ததல்ல, வருடா வருடம் ஒரு கோட் என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரு பாக பாலியூரித்தேன் அதைவிடக் கொஞ்சம் கடினம், கொஞ்சம் விலை. மூன்றாவது இரண்டு பாக பாலியூரித்தேன். வெயிலுக்கு அதுதான் ராஜா, பல வருடம் பளபளக்கும். ஆனால் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும், ஈரத்தை மன்னிக்காது.

முதல்முறை செய்பவர், திறந்த வெளியில் செய்பவர் என்றால் நான் ஒரு பாக பெயின்ட்டைத்தான் சொல்வேன். நிழலான கூரையும், பொறுமையும், உதவிக்கு ஒரு ஆளும் இருந்தால் இரண்டு பாகத்துக்குப் போங்கள். அதற்கு அடியில் இரண்டு பாக எப்பாக்ஸி பிரைமர் இரண்டு கோட். பிரைமரை மட்டும் அடித்து வெயிலில் மாதக்கணக்கில் விடாதீர்கள், எப்பாக்ஸி வெயிலில் மாவாகும்.

படகில் ஏற்கெனவே என்ன பெயின்ட் இருக்கிறது என்று தெரியாவிட்டால், தின்னரில் நனைத்த துணியை ஓரிடத்தில் சில நிமிடம் வைத்து எடுங்கள். பழைய பெயின்ட் இளகினால் அது ஒரு பாகம். அதன்மேல் இரண்டு பாகம் அடித்தால் சுருங்கி எழும்பிவிடும், முழுக்கச் சுரண்டியே ஆகணும்.

தின்னர் விஷயத்தில் கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று என்சி தின்னரைத் தருவதுண்டு. வாங்காதீர்கள். அதில் ஆல்கஹால் இருக்கும். அது பாலியூரித்தேன் ஹார்டனரோடு வினைபுரிந்து பெயின்ட்டை இறுகவிடாமல் கெடுக்கும். பெயின்ட் கம்பெனி சொன்ன தின்னர் மட்டும். தாள், ரோலர், கருவிகளுக்கு நாக்தேவி தெரு, ரசாயனங்களுக்கு மஸ்ஜித் பந்தர் பக்கம் ஒரு நடை போய்வந்தால் போதும்.

ஹார்டனர் கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் காயும்தானே?

பாலியஸ்டர் ரெசினில் ஒன்று முதல் இரண்டு சதவீதத்துக்குள் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். அந்தப் பழக்கத்தை எப்பாக்ஸிக்கும் பாலியூரித்தேனுக்கும் கொண்டுவரக் கூடாது. அங்கே இரண்டு பாகமும் சொன்ன அளவில் சேர்ந்தால்தான் வினை முழுமையாகும். கூடினாலும் குறைந்தாலும் கடைசிவரை பிசுபிசுப்புத்தான். தராசோ அளவுக் குவளையோ வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். எப்பாக்ஸியை ஒரு கப் நிறையக் கலக்கி வைத்தால் சூடேறிப் புகையும், அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வாங்கணும்?

பக்கவாட்டுக்கு ஒரு கணக்கு: நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, 2 ஆல் பெருக்கி, தண்ணீருக்கு மேலே தெரியும் சராசரி உயரத்தால் பெருக்குங்கள். 5 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் உயரம் என்றால் ஏறத்தாழ 8 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 10 சதுர மீட்டர் வரும் என்று டப்பாவில் போட்டிருந்தால், மூன்று கோட்டுக்கு இரண்டரை லிட்டர் ஆகும். மூன்றாக வாங்குங்கள். ஒரே பேட்ச் நம்பரில் வாங்கினால் நிற வித்தியாசம் வராது.

ஸ்ப்ரே அடித்தால் இன்னும் அழகாக வருமே?

வரும். ஆனால் இரண்டு பாக பாலியூரித்தேனின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது பனித்துளியாக நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் மூச்சு முட்டும். வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் முகமூடி இல்லாமல் அதை ஸ்ப்ரே செய்யவே கூடாது. சாதாரண துணி மாஸ்க்கும் என்95-ம் ஆவியைத் தடுக்காது. ரோலரில் அடிக்கும்போதுகூட ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் முகமூடியும் கையுறையும் வேணும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ரோலரில் அடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியாதா?

இரண்டு பேர் சேர்ந்து அடித்தால் தெரியாது. நாலு அங்குல ஃபோம் ரோலரில் ஒருவர் மெல்லிசாக, இரண்டடி அகலத்துக்கு உருட்டிக்கொண்டு போகணும். பின்னாலேயே இன்னொருவர் நல்ல மெல்லிய மயிருள்ள பிரஷை, பெயின்ட்டில் முக்காமல், நுனி மட்டும் படும்படி மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்கணும். குமிழி உடைந்து, ரோலர் தடம் படிந்து, கண்ணெதிரே பரப்பு சமமாவதைப் பார்க்கலாம். அடுத்த பட்டை எப்போதும் முந்தைய பட்டையின் ஈர ஓரத்தில் சேரணும். பிரஷ் இழுக்கும்போது பிடித்தாலோ கோடு நின்றாலோ, சொன்ன தின்னரைச் சில துளி சேருங்கள். விட்டுப்போன இடத்தைப் பார்த்ததும் திரும்பிப்போய்த் தொடக் கை துறுதுறுக்கும். தொடாதீர்கள், அடுத்த கோட்டில் அது மறையும்.

மாஸ்கிங் டேப்பைப் பெயின்ட் முழுக்கக் காயும் முன், ஒட்டியும் ஒட்டாத பதத்தில் பின்பக்கமாக மடித்து உரியுங்கள். மலிவான டேப்பை வெயிலில் இரண்டு நாள் விட்டால் பசை மட்டும் படகிலேயே தங்கிவிடும்.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் பகுதிக்கும் இதே பெயின்ட்டா?

படகைத் தினமும் கரையேற்றுபவர் என்றால் அடியிலும் அடிக்கலாம். கழிமுகத்தில் கட்டியே வைப்பவர் என்றால் கூடாது. பெரும்பாலான பாலியூரித்தேன் தொடர்ந்து ஊறினால் கொப்புளிக்கும், இனாமல் இளகும். அங்கே எப்பாக்ஸி பிரைமரும், அதன்மேல் பாசி, சிப்பி ஒட்டாமல் தடுக்கும் பெயின்ட்டும். இப்போது வருபவை பெரும்பாலும் செம்பு கலந்தவை. முன்பு இருந்த டின் (வெள்ளீயம்) சேர்மம் கலந்த வகை, சிப்பிகளையும் நத்தைகளையும் பாதித்ததால் சர்வதேச ஒப்பந்தப்படி 2008-ல் தடைசெய்யப்பட்டது. பழைய சரக்கு என்று யாராவது தந்தால் வாங்காதீர்கள். செம்பு பெயின்ட்டை எஞ்சினின் அலுமினியக் காலில் அடிக்கக் கூடாது, உலோகம் அரித்துவிடும்.

எந்த நிறம்?

வெள்ளை, அல்லது வெளிர் நிறம். அடர்நீலமும் கறுப்பும் வெயிலை வாங்கிச் சூடேறும். பழைய ஃபைபர் அந்தச் சூட்டில் இளகி, உள்ளே இருக்கும் நூலின் நெசவு மேலே அச்சாகத் தெரிய ஆரம்பிக்கும். அழகுக்கு வேணும் என்றால் நீர்மட்டக் கோட்டில் ஒரு பட்டை போதும்.

மீன்பிடிப் படகாகப் பதிவு செய்தது என்றால் நிறத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கடலோரப் பாதுகாப்புக்காக மாநிலவாரியாக நிறம் ஒதுக்கியிருக்கிறார்கள், மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு அடியுங்கள். பதிவு எண்ணைத் தேய்ப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்து, எழுத்தின் உயரத்தையும் இடத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் தளம் வழுக்காமல் இருக்க?

ஈர பெயின்ட்டின் மேல் சலித்துக் கழுவிக் காயவைத்த மெல்லிய மணலைச் சல்லடையில் சமமாகத் தூவுங்கள். காய்ந்தபின் ஒட்டாததைக் கூட்டிவிட்டு மேலே இன்னொரு கோட். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பு.

எப்போது தண்ணீரில் இறக்கலாம்?

தொட்டால் ஒட்டாமல் இருப்பதும் முழுசாக இறுகுவதும் வேறு வேறு. இரண்டு பாக பெயின்ட்டுக்கு ஒரு வாரம் விடுங்கள். இனாமலுக்கு அதைவிடக் கூட. பாசித் தடுப்புப் பெயின்ட்டில் மட்டும் தலைகீழ்: டப்பாவில் சொன்ன கால அளவுக்குள் இறக்கியே ஆகணும். முதல் மாதம் கயிறு உரசும் இடத்தில் பழைய துணியைச் சுற்றி வையுங்கள்.

மிச்ச பெயின்ட்டை எடுத்து வைக்கலாமா?

பெயின்ட் டப்பா நிற்கும். ஹார்டனர் திறந்தபின் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கெட்டிப்படும், அதனால் சின்ன பாட்டிலில் வாய்வரை நிரப்பி இறுக்கி மூடி, திறந்த தேதியை எழுதி வையுங்கள். கலந்து மிஞ்சியதை மூடி வைக்கக் கூடாது, சூடாகும். திறந்த தட்டில் இறுகவிட்டுக் கட்டியாக அப்புறப்படுத்துங்கள். தின்னர் துணிகளை வெயிலில் விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.